கண்ணாடித் தகட்டில் ஒரு நகரம் – 7: செத்த காலேஜின் முகம்

சென்ற அத்தியாயத்தின் இறுதியில், 1855ஆம் ஆண்டு ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக் கோஷ்டியோடு பர்மாவுக்குப் போய், அங்குள்ள கோவில்களையும் மடங்களையும் காகித நெகடிவில் பதித்துக்கொண்டு பெங்களூருக்குத் திரும்பிய கேப்டன் லின்னீயஸ் ட்ரைப்பிடம் வாசகர்களை விட்டு விடைபெற்றேன். சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரர் என்ற உத்தியோகத்தை ஏற்ற அவர், ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் படமெடுத்துக்கொண்டு வந்து, 1858ஆம் ஆண்டின் கோடையில் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையின் வளாகத்திலே தம்முடைய முக்காலியை ஊன்றினார். அந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்லாமல் அவர் அங்கே எடுத்த படங்களின் கதையைச் சொல்ல இயலாது. ஆகையால் இந்த அத்தியாயத்தை எங்கள் தாம்பரத்துப் பாட்டிமார்களின் வாய்மொழியிலிருந்து தொடங்குகிறேன்.

நாங்கள் சிறு பிள்ளைகளாயிருந்த காலத்தில், காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றுடன் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கிப் பொருட்காட்சிசாலைக்கு நடப்பதற்குச் ‘செத்த காலேஜுக்குப் போவது’ என்று பெயர். மிருகங்களைப் பார்க்கப் போவதோ ‘உயிர் காலேஜுக்குப் போவது’. கல்லூரிக்கும் பதப்படுத்திய புலிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று நாங்கள் கேட்டதில்லை. பிற்காலத்தில் சரித்திரம் படிக்கத் தொடங்கியபோதுதான், பாமர மக்களின் நாவில் தங்கிவிட்ட அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு ஸ்தாபனத்தின் பிறப்பு ரகசியமே பத்திரமாக இருப்பது தெரிந்தது. சென்னை இலக்கியச் சங்கத்தார் ஒப்படைத்த 1,100 கனிமப் பாறை மாதிரிகளை மூலதனமாகக் கொண்டு, எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில், 1851ஆம் ஆண்டு சென்னைப் பொருட்காட்சிசாலை தொடங்கப்பட்டது, நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்திலேதான். காலேஜில் பிறந்ததனால் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1855இல் அதே பால்ஃபர் பொருட்காட்சிசாலையோடு சேர்த்து உயிருள்ள மிருகங்களையும் வைக்கத் தொடங்கியபோது, செத்ததற்கு ஒரு காலேஜும் உயிரோடிருப்பதற்கு ஒரு காலேஜும் என்று ஜனங்கள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். உயிர் காலேஜ் 1863இல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. அங்கிருந்து 1985இல் எங்களுக்கு அடுத்த வண்டலூருக்கே வந்து சேர்ந்தது. செத்த காலேஜோ, 1854 வாக்கில் எழும்பூர்ப் பாந்தியனுக்குக் குடிபெயர்ந்தது முதல் இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

பாந்தியன் என்பது பொருட்காட்சிசாலைக்காகக் கட்டப்பட்டதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கம்பெனி உத்தியோகஸ்தர்களாகிய வெள்ளைக்காரப் பிரபுக்கள் மாலை வேளைகளில் கூடி நடனமாடவும் நாடகம் பார்க்கவும் விருந்துண்ணவும் அமைத்துக்கொண்ட பொதுமண்டபம் அது. பின்னர் மூரட் என்ற அர்மீனிய வர்த்தகரின் கைக்கு மாறி, 1830இல் அரசாங்கத்தாருக்கு விற்கப்பட்டது. விருந்து மண்டபத்துக்குள் எலும்புக்கூடுகளும் பாறைகளும் நாணயங்களும் வந்து அமர்ந்தன. அவை பெருகப் பெருக, மண்டபத்தை இடித்தும் நீட்டியும் உயர்த்தியும் புதுக் கூடங்கள் எழுந்தன. பாந்தியன் என்ற பெயர் சாலைக்கு மிஞ்சிற்று. பழைய முகமோ புதிய முகங்களுக்குள் கரைந்துபோயிற்று. நாட்டிலுள்ள பழமையையெல்லாம் காப்பதற்கென்று ஏற்பட்ட ஒரு ஸ்தாபனம் தன்னுடைய பழமையை மட்டும் தானே விழுங்கி வளர்ந்தது என்பதை நினைக்கும்போது, அந்த முகத்தை இடையிடையே பதிந்து வைத்த புகைப்படங்கள் எத்தனை அருமையானவை என்பது விளங்கும்.

பொருட்காட்சிசாலை பிறந்த அதே 1851ஆம் ஆண்டு புகைப்படக் கலைக்கும் ஒரு திருப்புமுனையாக அமைந்தது. இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி ஈரம் உலருமுன் படமெடுக்கும் முறையை வெளியிட்டதும், பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே மெழுகு ஊட்டிய காகிதத்தில் நெகடிவ் எடுக்கும் முறையை வெளியிட்டதும் அவ்வாண்டிலேதான். ஏறக்குறைய அச்சமயத்தில் ஃபிரெடெரிக் ஃபீபிக் என்பவர் சென்னையின் வீதிகளையும் கோவில்களையும் மாளிகைகளையும் படமெடுத்து, உப்புத்தாளில் அச்சிட்டு, கையால் வர்ணம் தீட்டி வைத்தார். கல்கத்தா, இலங்கை முதலிய இடங்களின் காட்சிகளும் சேர்ந்து ஏறத்தாழ 500 படங்கள் கொண்ட அவருடைய தொகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1856இல் விலைகொடுத்து வாங்கிற்று. கட்டடங்களை அதிகாரபூர்வமாகப் பதிவுசெய்வதற்குச் சித்திரக்காரனின் கைக்குப் பதிலாகக் காமிராவை நம்பலாம் என்ற எண்ணம் கம்பெனியின் டைரக்டர்களுக்கு உறுதிப்பட்டு வந்த காலம் அது.

கண்ணாடித் தகட்டு முறை நுட்பமானதுதான். ஆனால் நம் கோடை வெயிலில் பூசிய பூச்சு காமிராவுக்குள் போவதற்கு முன்பே உலர்ந்துபோகும். காகித முறையில் அந்த அவசரம் இல்லை. மெல்லிய நல்ல காகிதத்தை எடுத்து, தேன்மெழுகை உருக்கி, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஒளி புகும்படி செய்வார்கள். பிறகு அதனை அயோடைடு உப்புக் கரைசலில் ஊறவைப்பார்கள். அந்தக் கரைசலில் லெ கிரே சேர்த்த சரக்குகளில் அரிசி வெந்த கஞ்சித் தண்ணீரும் ஒன்று என்பதைப் படித்தபோது, பாரிஸ் நகரத்து ரசாயனக் கூடமும் நம் வீட்டு அடுப்படியும் ஒரு கணம் அருகருகே வந்துவிட்டதாக எனக்குத் தோன்றிற்று. அதற்கப்பால் வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து உலர்த்திய காகிதத்தைப் பல நாள் வைத்திருந்தும் உபயோகிக்கலாம். படம் எடுத்தபின், நம் நாட்டு மருந்துக்கடைகளில் விற்கும் மாசிக்காய் வகையிலிருந்து எடுக்கப்படும் காலிக் அமிலத்தில் அதனை இட்டால், வெறுமையாகத் தோன்றிய காகிதத்தில் தூணும் படியும் கோபுரமும் மெல்ல மெல்ல இருண்டு எழும்பும். முடிந்த நெகடிவை வேறொரு தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டினால் பிரதி கிடைக்கும். வெயில் சத்துருவாகவும் வெயிலே அச்சுக்கூடமாகவும் இருந்த தொழில் அது.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அந்தக் குறையே அக்காலத்துப் படங்களுக்கு ஒரு விசேஷமான தன்மையைக் கொடுத்தது. காகித நெகடிவ் ஒளியை ஏற்பதற்கு நிமிஷக் கணக்கில் பிடிக்கும். அவ்வளவு நேரமும் லென்ஸின் மூடி திறந்திருக்க, எதிரே நின்ற கல்லும் சுண்ணாம்பும் தெளிவாகப் பதியும். குறுக்கே நடந்தவனோ, கூடையோடு கடந்த பெண்ணோ, ஓடிய மாட்டுவண்டியோ பதியாமலே போய்விடும். அன்றியும் அக்காலத்து ரசாயனங்கள் நீல ஒளிக்கு அளவுமீறி வசப்பட்டவை. ஆகையால் வானம் மேகமற்ற வெற்று வெளியாகிவிடும். ட்ரைப் இதற்காக நெகடிவின்மேலேயே தூரிகையால் சாயம் தடவி, மேகங்களையும் மரத்து இலைகளையும் பொறுமையாகத் திருத்தி வைத்தார். வானத்தை அவரால் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. மனிதர்களைக் கொண்டுவர முடியவில்லை.

பழைய கட்டடப் படங்களைப் பார்ப்பவர்கள் அவற்றின் நிசப்தத்தைக் கண்டு, அந்நாளில் ஊரே ஆளரவமின்றி இருந்ததுபோலும் என்று மயங்குவதுண்டு. பால்ஃபர் புலியையும் சிறுத்தையையும் வைத்து ஜனங்களைத் திரள் திரளாக வரவழைத்த ஸ்தலம் சென்னைப் பொருட்காட்சிசாலை. எழுதப் படிக்கத் தெரிந்த கனவான்களுக்கு மாத்திரம் உரியதாக அமைந்த ஐரோப்பியக் கூடங்களைப்போல் ஆகாமல், பண்டிகை நாளில் கிராமத்தார் குடும்பத்தோடு வந்து நிரப்பிய இடம் அது. அந்தக் கூட்டத்தைக் காமிரா காணவில்லை. நின்றதை மட்டும் கண்டது, நடந்ததைக் காணவில்லை. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஆரம்பகாலப் புகைப்படம் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியாகாது என்பது தெளிவாகிவிடும்.

இனி ட்ரைப்பிடம் திரும்புவோம். 1845ஆம் ஆண்டு குண்டூரில் உத்தியோகத்திலிருந்த வால்டர் எலியட், கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி ஸ்தூபத்தின் இடிபாடுகளைத் தோண்டி, செதுக்கு வேலைப்பாடமைந்த கற்பலகைகளைச் சென்னைக்கு அனுப்பினார். பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லாகிய அவற்றைச் சலவைக்கல் என்றே எண்ணி ‘எலியட் சலவைக்கற்கள்’ என்று வழங்கினார்கள். பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட அந்தச் சிற்பங்கள், வைக்க இடமில்லாமல், கல்லூரிக் கட்டடத்தின் முன்னே திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் பல வருஷங்கள் கிடந்தன. பால்ஃபர் அவற்றைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வில்லியம் டெய்லர் பாதிரியார் 1856இல் அவற்றைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1858ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ட்ரைப் அவற்றைப் படமெடுத்தார். சென்னை மத்தியப் பொருட்காட்சிசாலையிலுள்ள எலியட் சலவைக்கற்களும் பிறவும் என்ற பொருள்பட அமைந்த தலைப்போடு அந்தத் தொகுதி வெளிவந்தது. ஓர் இந்தியப் பொருட்காட்சிசாலையின் உடைமைகள் இவ்வாறு முறையாகப் புகைப்படத்தில் ஏறியது மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் ஒன்றாகும்.

அமராவதிக் கற்களை நேரில் கண்டவர்களுக்குத் தெரியும், அவை ஜனசமுத்திரங்கள். ஒரு சாண் அகலத்துக்குள் யானை ஒன்று மதம் கொண்டு ஓடும்; அதற்கு அஞ்சி மாடங்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள்; அரசனும் பணிப்பெண்ணும் குள்ளனும் குதிரையும் தோளோடு தோள் உரசி நெருங்கி நிற்பார்கள். எழும்பூர்க் கட்டடத்துக்கு வந்துபோன உயிருள்ள ஜனங்களைப் பிடிக்க இயலாத காமிரா, கல்லில் உறைந்து நின்ற இந்த ஜனங்களை ஒருவர் விடாமல் பிடித்துவிட்டது. நிமிஷக் கணக்கில் அசையாமல் நிற்கும் பொறுமை அந்த நகரத்திலே அவர்களுக்கு மட்டுமே இருந்தது.

படமெடுத்தது தக்க சமயத்தில் நேர்ந்தது என்றே சொல்லவேண்டும். மறு வருஷமே, ஏறத்தாழ 120 கற்கள் கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டன. போன இடத்திலும் அவற்றுக்கு உடனே ஆசனம் கிடைக்கவில்லை; ஃபைஃப் ஹவுஸ் என்ற மாளிகையின் வண்டிக் கொட்டகையில் அடுக்கப்பட்டு மறக்கப்பட்டன. 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காக இந்தியக் கட்டடக் கலையின் புகைப்படங்களைத் திரட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஃபெர்குசன், ட்ரைப் எடுத்த அமராவதிப் படங்களையும், கொட்டகையில் கிடந்த மூலக் கற்களையும் கண்டு, மறு வருஷம் வெளியிட்ட ‘மர வழிபாடும் நாக வழிபாடும்’ பற்றிய பெருநூலில் அவற்றை உலகறியச் செய்தார். எழும்பூரில் எடுத்த நிழல் கடல் கடந்து போய்த் தன் மூலத்துக்கு அடையாளம் சொல்லிற்று. அந்தக் கற்கள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவை சென்னையில் இருந்த நாட்களுக்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சியாக ட்ரைப்பின் படங்கள் இருக்கின்றன.

இதே காலத்தில் லண்டனிலும் இதே பரிசோதனை நடந்துகொண்டிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். பளிங்கு மாளிகை என்று பிரசித்திபெற்ற கண்காட்சிக் கட்டடத்தைச் சிடன்ஹாமில் மறுபடியும் எழுப்பியபோது, அஸ்திவாரம் முதல் கூரை வரை படிப்படியாக 1852 தொடங்கி 1854 வரை ஃபிலிப் ஹென்றி டெலமோட் படமெடுத்தார். 1854இல் பிரிட்டிஷ் மியூசியம் ரோஜர் ஃபென்டனைத் தன் புகைப்படக்காரராக அமர்த்திற்று. உள்ளேயிருந்த களிமண் ஏடுகளையும் சிலைகளையும் எடுத்த அதே கையால், வரிசையாகத் தூண்கள் நிற்கும் அதன் கம்பீரமான முகப்பையும் 1857இல் எடுத்து வைத்தார். சவுத் கென்ஸிங்டன் மியூசியத்தில் 1856 முதல் சார்ல்ஸ் தர்ஸ்டன் தாம்ப்ஸன் அதே வேலையை மேற்கொண்டார். ஆனால் ஃபென்டனுடன் இருந்த ஏற்பாட்டை பிரிட்டிஷ் மியூசியத்தார் 1859இல் நிறுத்திவிட்டார்கள். சென்னையிலும் புதிதாக வந்த கவர்னர் சார்ல்ஸ் டிரெவெல்யன், அரசாங்கப் புகைப்படக்காரர் என்ற உத்தியோகம் ஆடம்பரச் செலவு என்று கருதி, அடுத்த சில மாதங்களுக்குள் அதனை மூடிவிட்டார். 1857ஆம் வருஷக் கிளர்ச்சிக்குப் பின் கஜானா வற்றிக்கிடந்த காலம், சிக்கனம் வேண்டியதுதான். ஆயினும் அந்தச் சிக்கனத்தால் மிச்சமான ரூபாய் எங்கே போயிற்றென்று இன்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குமுன் செலவான ரூபாய் எங்கே இருக்கிறதென்றால், ட்ரைப்பின் படங்களைக் காட்டலாம். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளச் சாசனத்தை 21 பிரதிகளாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு அவர் அமைத்த ஒரே படம் ஒன்று போதும், அந்தச் செலவின் கணக்கை ஒப்புவிக்க.

ட்ரைப் பட்டாளத்துக்குத் திரும்பினார். 1902இல் தம் சொந்த ஊராகிய டெவன்போர்ட்டில் காலமானார். தொழில் இங்கேயே வேர்விட்டது. டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் நிறுவிய கலைப்பள்ளியில் புகைப்படமும் ஒரு பாடமாயிற்று. ட்ரைப்பின் உதவியாளராயிருந்து கைப்பழக்கம் பெற்ற அய்யாசாமி என்பவர் அங்கே புகைப்படக்காரராக அமர்ந்தார். நிக்கலஸ் கம்பெனியும், பின்னர் வீல் அண்டு கிளைன் கம்பெனியும் சென்னையில் கடை வைத்து, ஊரின் பெரிய கட்டடங்களைப் பெரிய தகடுகளில் எடுத்து விற்றன. அரசாங்கம் கைவிட்ட வேலையை வியாபாரம் தொடர்ந்தது.

அவர்களுக்கு நல்ல விருந்தும் அமைந்தது. ஹென்றி இர்வின் வரைந்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய கன்னிமரா நூலகம் 1896ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி திறக்கப்பட்டது. மியூசியம் தியேட்டர் என்று இன்று நாம் அழைக்கும் மண்டபமும் அதே ஆண்டைச் சேர்ந்தது. 1906இல் வேல்ஸ் இளவரசர் அஸ்திவாரக் கல் நாட்ட, 1909இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபம், பதேபூர் சிக்ரியின் பெருவாயிலை ஒத்த முகப்போடு, சிவந்த மணற்கல்லில் எழுந்தது. 1951இல் பண்டித நேரு அதனைத் தேசியக் கலைக்கூடமாகத் திறந்துவைத்தார். இந்தச் சிவப்பு வளாகத்தின் பழைய படங்களைப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். நீலத்துக்கு உருகிய அந்தத் தகடுகள் சிவப்புக்கு ஏறக்குறையக் குருடாயிருந்தன. ஆகையால் கண்ணுக்குக் குங்குமச் சிவப்பாகத் தெரியும் சுவர், படத்தில் கரி பிடித்ததுபோல் இருண்டு தோன்றும். கட்டடம் பாழடைந்திருந்தது என்று அதனைக் கண்டு முடிவு கட்டுவது தவறு. வளைவின் அளவு, ஜன்னலின் எண்ணிக்கை, கைப்பிடிச் சுவரின் வேலைப்பாடு, நிழல் விழும் திசை ஆகியவற்றுக்குப் படத்தை நம்பலாம். நிறத்துக்கும் கூட்டத்துக்கும் வேறு சாட்சிகளைத் தேடவேண்டும். பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கப் புகும் எஞ்சினீயர், கொத்தனாரைக் கூப்பிடுமுன் பழைய புகைப்படத்தைத் தேடுவது இதனாலேதான்.

எங்கள் பகுதியிலிருந்தும் அந்தக் காலேஜுக்கு ஒரு பெரிய கொடை போயிருக்கிறது. தாம்பரத்துக்கு வடக்கே ரயிலில் சில நிமிஷ தூரத்திலுள்ள பல்லாவரத்தில், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, செம்மண் சரளைப் பள்ளம் ஒன்றில், ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதனின் தொன்மை பற்றிய ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பெருந்தொகுதியைச் சென்னைப் பொருட்காட்சிசாலை 1904இல் வாங்கிக்கொண்டது. கருவிகள் அங்கே பத்திரமாயிருக்கின்றன. அவற்றை ஈன்ற நிலமோ வீடுகளும் தோல் பதனிடும் கூடங்களும் ரஸ்தாக்களும் மூடி முகம் மாறிவிட்டது. பொருளைக் காத்தால் போதும், இடத்தின் முகத்தையும் காக்கவேண்டியதில்லை என்று நினைக்கும் தலைமுறைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

என் தாயார் பெட்டியில் ஒரு படம் உண்டு. காணும் பொங்கலன்று பொருட்காட்சிசாலை முகப்பிலுள்ள பீரங்கியின் அருகே, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் இரண்டு மூன்று சேர்ந்து நிற்கின்றன. மாமா ஒருவர் இரவல் பெட்டிக் காமிராவில் எடுத்தது. ஓரங்கள் மடங்கி, ஒரு மூலையில் பழுப்பேறியிருக்கிறது. நடுவில் அத்தை தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைக்க மனமின்றிக் கையிலேயே பிடித்திருக்கிறாள். குழந்தையொன்று அசைந்துவிட்டதால் அதன் முகம் புகைபோல் கலைந்திருக்கிறது. எல்லாருடைய தலைக்கும் மேலே ஒரு சாண் அளவுக்குக் கட்டடத்தின் விளிம்பு தெரிகிறது. வெகுகாலம் அதனைக் குடும்பப் படம் என்றே எண்ணியிருந்தேன். இந்தத் தொடருக்காகப் பழைய தொகுதிகளையெல்லாம் பார்த்து முடித்து, அதனை மறுபடியும் கையிலெடுத்தபோது, ட்ரைப்பின் காலத்துக் காமிராவால் பிடிக்க முடியாமற்போன அந்தக் கூட்டம் இதோ நிற்கிறதே என்று எனக்கு மெய்சிலிர்த்தது. கலைந்த அந்தக் குழந்தை முகத்தைப்போல் எத்தனை ஆயிரம் முகங்கள் அந்த நிசப்தமான பழைய படங்களுக்குள் கலைந்து கிடக்கின்றன!

கட்டடத்தின் சரித்திரத்துக்கு அந்தப் பெரிய தகடுகளும் வேண்டும். இந்தச் சிறு படமும் வேண்டும். அவற்றை அரசாங்கக் காப்பகங்கள் காக்கின்றன. இவற்றைக் காக்கவேண்டியவர்கள் நாமே. ஆகவே தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் உள்ள வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்: பரணில் கிடக்கும் தகரப் பெட்டியைத் திறக்கும்போது, தலைகளுக்குப் பின்னால் தெரிவது எந்தக் கட்டடம், எந்த வருஷம் என்பதைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

கலைப்பள்ளியில் ஹன்டர் வைத்த புகைப்பட வகுப்பையும், அங்கே தொழில் பயின்ற நம்மவர்களையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)